புளிப்பும் பொறுமையும்

நம் சங்கத்து அன்பர்கள் எங்களைக் காணும்போதெல்லாம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "மூத்தவன் மும்பையில் இருக்கிறான், தெரியும், இளையவன் பெல்ஜியத்தில் என்ன செய்கிறான்?" என்பார்கள். நாங்களும் தவறாமல் ஒரே விடையைச் சொல்லி வந்தோம்: "உணவு ஆராய்ச்சித் துறையில் இருக்கிறான்." கேட்டவர்கள் தலையசைத்து மகிழ்வார்கள். நாங்கள் உடனே பேச்சை மாற்றிப் பொங்கல் விழாவுக்கு நாற்காலிகள் போதுமா என்று விசாரிக்கத் தொடங்குவோம். ஐந்தாண்டுக் காலம் இந்த நாடகம் நடந்தது. யாரிடம் பாதி உண்மையைச் சொன்னோமோ அவர்களிடமே மீதிப் பாதியையும் சொல்லிவிடுவது முறை என்று இன்று தோன்றுகிறது. எங்கள் இளைய மகன் பெல்ஜிய நாட்டில் புளிப்பு பீரைப் பீப்பாயில் முதிர்வித்துக் கலக்கும் தொழில் செய்கிறான்.

இக்கட்டுரையில் வரும் 'நாங்கள்' பெருமைக்காகச் சொல்லும் பன்மை அன்று. எழுதுவோர் உண்மையிலேயே இருவர். கணவர் எழுதினார், மனைவி படித்துப் பார்த்து, "இது இப்படி நடக்கவில்லை" என்று அடித்துத் திருத்தினார். இறுதியில் இருவருக்கும் உடன்பாடான செய்திகளே இங்கு நிற்கின்றன.

மகன் செய்யும் தொழிலை ஏன் மறைத்தோம் என்பதை முதலில் சொல்ல வேண்டும். கணவர் பிறந்தது தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில். 1948 முதல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு நடைமுறையில் இருந்தது. சட்டம் கடைகளை மூடிற்று. இரவில் மூங்கிற்புதர்களுக்கு நடுவே காய்ச்சியவர்களை அதனால் தடுக்க முடியவில்லை. கணவருடைய தந்தையார் 1964-இல் ஒரு நாள் கள்ளச் சாராயம் குடித்து வந்தார். மறுநாள் கண் தெரியவில்லை என்றார். மூன்றாம் நாள் அவர் இல்லை. கணவருக்கு அப்போது பதினொரு வயது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மாலையில் தாயார் தம் மூன்று ஆண்மக்களையும் குத்துவிளக்கின் முன் வரிசையாக நிறுத்தி, "மதுவை நாவால் தொடமாட்டேன்" என்று ஒருவர்பின் ஒருவராகச் சொல்லச் செய்தார். அந்தத் தாயார் மறைந்து நெடுங்காலம் ஆயிற்று. சொன்ன சொல் மட்டும் எங்களோடு 1977-இல் டில்லிக்கு வந்து, கரோல்பாக் வாடகை வீட்டிலும் பின்னர் அரசாங்கக் குடியிருப்பிலும் எங்களுடனேயே குடியிருந்தது.

அத்தகைய வீட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளை நுண்ணுயிரியல் படித்தான். மேற்படிப்புக்குப் பெல்ஜியம் சென்றான். படிப்பு முடிந்ததும் 2019-ஆம் ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் அழைத்து, தனக்கு எங்கே வேலை கிடைத்திருக்கிறது என்பதை மறைக்காமல் சொன்னான். கணவர் கருவியை மேசைமீது வைத்துவிட்டு எழுந்து சென்றார். அன்று தொட்டு இரண்டாண்டுகள் அவர் மகனுடன் பேசவில்லை. பிறகு பேசத் தொடங்கினார். ஆனால் உடம்பு எப்படி, குளிர் எப்படி என்பதற்கு அப்பால் ஒரு சொல்லும் கேட்பதில்லை. தொழிலைப் பற்றி அவனும் வாய் திறப்பதில்லை.

2024-ஆம் ஆண்டு அக்டோபரில் அவன் எங்கள் இருவருக்கும் பயணச்சீட்டு அனுப்பினான். "நீங்கள் வராவிட்டாலும் நான் போகிறேன்" என்றார் மனைவி. நாற்பத்தைந்து ஆண்டு இல்லறத்தில் இத்தகைய வாக்கியத்தை அவர் மூன்றே முறை சொல்லியிருக்கிறார். மூன்று முறையும் அது நடந்திருக்கிறது. நவம்பர் முதல் வாரத்தில் நாங்கள் பிரஸ்ஸெல்ஸ் நகரில் இறங்கினோம்.

இறங்கிய மறுநாளே மகன் எங்களை ஆண்டர்லெக்ட் என்னும் பகுதிக்கு அழைத்துச் சென்றான். அங்கே கான்டியோன் என்னும் பெயருடைய குடும்ப ஆலை ஒன்று உள்ளது. 1900-இல் தொடங்கியது, 1978 முதல் காட்சிசாலையாகவும் திறந்து வைத்திருக்கிறார்கள். "நான் வேலை செய்யும் இடத்தைப் பார்க்குமுன் இதைப் பாருங்கள், அப்பா. எல்லாவற்றுக்கும் மூலம் இங்கே விளங்கும்" என்றான். வெளியிலிருந்து பார்த்தால் பழைய சரக்குக் கிடங்கு போலத்தான் இருந்தது. உள்ளே மங்கிய வெளிச்சம். மரத்தின் ஈர வாசனை. உத்தரங்களிலும் பீப்பாய்களின் இடுக்குகளிலும் சிலந்தி வலைகள். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே ஒட்டடைக் கோலைக் கையில் எடுக்கும் பழக்கமுடைய மனைவி திகைத்து நின்றார். வலையைக் கலைப்பதில்லை என்றும், பழத்தைத் தேடி வரும் ஈக்களைப் பிடிப்பதற்குச் சிலந்திகளே காவல் என்றும் மகன் விளக்கினான். "சோம்பேறித்தனத்துக்கு இவ்வளவு நல்ல காரணம் நான் கேட்டதில்லை" என்றார் மனைவி.

அங்கே செய்யும் பானத்திற்கு லாம்பிக் என்று பெயர். பிரஸ்ஸெல்ஸ் நகருக்கும் அதன் தென்மேற்கே பரந்து கிடக்கும் பயோட்டன்லாண்ட் என்னும் நாட்டுப்புறத்துக்கும் உரிய பானம் அது. ஸென் என்னும் ஆறு அந்தப் பள்ளத்தாக்கின் வழியாக ஓடி நகருக்குள் நுழைகிறது. நகருக்குள் நாம் அதைக் காண இயலாது. 1867-க்கும் 1871-க்கும் இடையில் அதன்மேல் வளைவு கட்டி மூடி, மேலே அகன்ற சாலைகளை அமைத்துவிட்டார்கள்.

லாம்பிக் செய்யும் முறை இது. முளைகட்டிய பார்லி 65 பங்கு. முளைகட்டாத கோதுமை 35 பங்கு. இரண்டையும் வெந்நீரில் ஊறவைத்து, இனிப்பான சாற்றை வடித்துப் பல மணி நேரம் காய்ச்சுகிறார்கள். ஹாப்ஸ் என்னும் பூவும் அதில் சேர்கிறது. பிற பீர்களுக்குப் புதிய பூவே வேண்டும். கசப்பும் மணமும் அதில்தான் உண்டு. இவர்களோ பூவை ஆண்டுக்கணக்கில் உலர வைத்துக் கசப்பை ஓட்டிவிட்டு, கெடாமல் காக்கும் குணத்தை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். காய்ச்சிய சாற்றைக் கூரைக்கு அடியிலுள்ள மாடிக்கு ஏற்றுகிறார்கள். அங்கே ஓர் அறை முழுவதையும் அடைத்துக்கொண்டு, ஆழமில்லாத அகன்ற செப்புத் தொட்டி ஒன்று கிடக்கிறது. நம் கல்யாண வீட்டுத் தாம்பாளத்தை அறையளவுக்குப் பெருக்கிக் கற்பனை செய்துகொள்ளலாம். கொதிக்கும் சாறு அதில் பரவி, இரவு முழுவதும் ஆறுகிறது. கூரையிலுள்ள திறப்புகளின் வழியாக இரவுக் காற்று வந்து அதைத் தடவிச் செல்கிறது. விடியும்போது சூடு ஏறக்குறைய 20 டிகிரிக்கு இறங்கிவிடும்.

"பிறகு ஈஸ்ட் சேர்ப்பார்களோ?" என்று கணவர் கேட்டார். தொழிலைப் பற்றி அவர் கேட்ட கேள்வி அன்று. காட்சிசாலையைப் பார்க்க வந்தவர் கேட்ட கேள்விதான்.

"சேர்ப்பதில்லை, அப்பா. ஒன்றுமே சேர்ப்பதில்லை. காற்றிலும் இந்த மரத்திலும் இருக்கும் உயிர்களே வந்து வேலையைத் தொடங்குகின்றன. அம்மா, நீ இட்லிக்கு மாவு அரைத்து வைக்கிறாயே, அதில் என்ன சேர்க்கிறாய்?"

மனைவி சற்று யோசித்து, "உப்பு" என்றார். பிறகு தாமே, "மற்றதெல்லாம் உளுந்தோடும் அரிசியோடும் வருவதுதான்" என்று முடித்தார்.

நாங்கள் சென்ற அன்று செப்புத் தொட்டி வெறுமையாக இருந்தது. ஆயினும் மனைவி அதன் அருகே நெடுநேரம் நின்றார். டில்லியில் குடும்பம் நடத்திய தமிழ்ப் பெண்கள் யாவருக்கும் அவருடைய எண்ணம் விளங்கும். ஜனவரி மாதத்து டில்லிக் குளிரில் மாவு பொங்க மறுப்பதும், பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி வைப்பதும், சிலர் அதை ரஜாய்க்குள் வைத்துப் பக்கத்தில் படுத்துக்கொள்வதும் நாம் அறியாதவை அல்ல. நமக்கு வெம்மை வேண்டும்; குளிர் பகை. லாம்பிக் செய்வோருக்கோ குளிர் வேண்டும், வெம்மை பகை. அக்டோபரில் தொடங்கி ஏப்ரலுக்குள் காய்ச்சி முடித்துவிடுகிறார்கள். கோடையில் இரவு போதிய அளவு குளிர்வதில்லை. காற்றில் கேடு செய்யும் உயிர்களும் மிகுதி. தட்டின் இரு பக்கமும் வேறுபட்டாலும் தராசு ஒன்றே என்று நாங்கள் எண்ணிக்கொண்டோம். மாவைப் புளிக்க வைக்கும் லாக்டிக் பாக்டீரியாக்களின் குலத்தைச் சேர்ந்தவையே அந்தப் பானத்தையும் புளிக்க வைக்கின்றன.

மறுநாள் மகன் வேலை செய்யும் இடத்துக்குச் சென்றோம். பயோட்டன்லாண்டில் ஒரு சிற்றூர். மாதா கோயில், நான்கைந்து தெரு, அவற்றைச் சூழ்ந்து உழுத நிலம். அவனுடைய நிறுவனம் தானாகச் சாறு காய்ச்சுவதில்லை. பக்கத்து ஆலைகளிலிருந்து ஆறிய சாற்றை வாங்கி வந்து, தன் பீப்பாய்களில் நிரப்பி முதிர்வித்து, பின்னர் ஒன்றோடொன்று கலக்கிறது. கலப்பது தனித் தொழில். தலைமுறை தலைமுறையாக வருவது. ஓராண்டுச் சரக்கையும் ஈராண்டுச் சரக்கையும் மூன்றாண்டுச் சரக்கையும் தக்க அளவில் சேர்த்துப் புட்டியில் அடைத்தால், இளையதில் எஞ்சியிருக்கும் சர்க்கரை மறுபடியும் புளித்து, நுரை பொங்கும் பானமாகிறது. அதற்குக் கூஸ் என்று பெயர். எந்தப் பீப்பாயை எதனோடு சேர்ப்பது என்பதைக் கருவி சொல்வதில்லை; நாக்குத்தான் சொல்கிறது. எங்கள் மகனுக்குச் சம்பளம் கொடுப்பது அந்த நாக்குக்குத்தான்.

பீப்பாய்கள் இரண்டு அடுக்காக, நீண்ட வரிசைகளில் படுத்திருந்தன. பெரும்பாலானவை முன்பு திராட்சை மது இருந்த ஓக் மரப் பீப்பாய்கள். ஒவ்வொன்றின் முகப்பிலும் சுண்ணக்கட்டியால் எண்ணும் நாளும் எழுதியிருந்தது. ஒரு பீப்பாயின்மேல் மட்டும் பெருக்கற்குறி ஒன்று இட்டிருந்தது. கணவர் அதைக் கவனித்துவிட்டார். "இது கெட்டுப்போனதோ?" என்றார்.

மகன் சொன்ன விடையை இருவரும் இன்றளவும் மறக்கவில்லை. பீப்பாய்க்குள் முதலில் பொங்குவது சாதாரண ஈஸ்ட். அது சில மாதங்களில் ஓய்ந்துவிடும். அடுத்து வருவது பெடியோகாக்கஸ் என்னும் பாக்டீரியா. புளிப்பைத் தருவது முக்கியமாக இதுவே. ஆனால் கோடை வெம்மையில் இது சில பீப்பாய்களைக் கொழகொழவென்று ஆக்கிவிடும். ஊற்றினால் எண்ணெய் போல ஒழுகும். நூல் நூலாக இழுக்கும். "இந்த நிலையில் இருப்பதை நாங்கள் 'நோய்ப்பட்டது' என்போம். இதைக் குடிக்க முடியாது, விற்கவும் முடியாது."

"பிறகு என்ன செய்வீர்கள்?"

"ஒன்றும் செய்யமாட்டோம், அப்பா. விட்டுவைப்போம். பிரெட்டனோமைசிஸ் என்று இன்னோர் ஈஸ்ட் இருக்கிறது. மிகவும் மெதுவாக வேலை செய்வது. அதுவே வந்து அந்தக் கொழகொழப்பைத் தின்று தீர்த்துவிடும். சில மாதங்கள் ஆகும். தெளிந்த பிறகு பார்த்தால், நோய்ப்படாத பீப்பாயைக் காட்டிலும் சில சமயம் இதுவே நன்றாக இருக்கும். அவசரப்பட்டுச் சாக்கடையில் ஊற்றியவர்கள்தாம் ஏமாந்தவர்கள்."

இதைச் சொன்னபோது அவன் தந்தையின் முகத்தைப் பார்க்கவில்லை, பீப்பாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் உள்ளத்தில் வேறு பொருள் ஏதும் இருந்ததா என்பதை நாங்கள் கேட்கவில்லை. ஆனால் கணவர் அந்தப் பீப்பாயின் அருகே சற்று நேரம் நின்று, அதன் முகப்பை விரலால் இருமுறை தட்டிப் பார்த்தார்.

பிரெட்டனோமைசிஸ் என்னும் பெயருக்குப் பிரிட்டிஷ் பூஞ்சை என்பது பொருள். கோபன்ஹேகன் நகரத்துக் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் கிளவுசன் என்னும் அறிஞர், நெடுநாள் வைத்திருந்த ஆங்கிலேய பீரில் 1904-இல் இதைக் கண்டறிந்து கூறினார். பின்னர் பெல்ஜியத்து லாம்பிக்கில் கிடைத்த அதன் உறவுக்குப் பிரஸ்ஸெல்ஸின் பெயரையே சேர்த்து வழங்கினார்கள். பிற ஆலைகளிலும் திராட்சை மதுச் சாலைகளிலும் இதைக் கண்டால் நடுங்குவார்கள். சரக்கைக் கெடுப்பது என்று துரத்துவார்கள். ஓரிடத்தில் பகையாக இருப்பது மற்றோரிடத்தில் வீட்டுப் பிள்ளையாகிறது. குடிபெயர்ந்து வாழும் நமக்கு இது புதுச் செய்தி அன்று.

வரிசையின் கோடியில் பழம் போட்ட பீப்பாய்கள் இருந்தன. புளிப்புச் செர்ரிப் பழத்தைக் கொட்டையோடு லாம்பிக்கில் ஊறவைத்துச் செய்யும் பானத்திற்கு க்ரீக் என்று பெயர். பிளெமிய மொழியில் அந்தப் பழத்தின் பெயரே அது. லிட்டர் ஒன்றுக்கு ஏறக்குறைய 200 கிராம் பழம் சேர்கிறது. ஊறும் மாதங்களில் பழத்தின் சர்க்கரை முழுவதையும் ஈஸ்ட் தின்றுவிடும். நிறமும் மணமும் புளிப்புமே எஞ்சும். கடைகளில் இதே பெயரில் சர்க்கரை கலந்து விற்கும் பானங்களும் நிறைய உண்டு. இனிப்புச் சேராத பழைய முறையில் செய்ததற்கு 'ஊட' என்னும் அடைமொழியைப் பெயரின் முன் சேர்க்கிறார்கள். 'பழைய' என்பது அதன் பொருள்.

முன்பு இந்தப் பழம் நகரின் ஓரத்திலுள்ள ஸ்கார்பேக் என்னும் ஊரில் விளைந்தது. உழவர்கள் கழுதைகள்மேல் ஏற்றிப் பிரஸ்ஸெல்ஸ் சந்தைக்குக் கொண்டுவருவார்களாம். அதனால் அவ்வூருக்குக் 'கழுதைகளின் ஊர்' என்று செல்லப் பெயர் வாய்த்தது. இன்று தோப்புகள் இல்லை. வீடுகள் நெருங்கி நிற்கின்றன. பழத்தின் பெயரில் மட்டும் ஊர் வாழ்கிறது.

இனிச் சுவைத்த கதை. மகன் ஒரு புட்டியைக் கொண்டுவந்தான். அதைப் பிரம்புக் கூடை ஒன்றில் சாய்வாகப் படுக்க வைத்திருந்தான். அடியில் தங்கிய வண்டல் கலங்காமல் இருப்பதற்கு அது வழியாம். தக்கையை மெல்லத் திருகியபோது சிறிய வெடியோசை கேட்டது. மேசையில் சிறிய கண்ணாடிக் குவளைகள் மூன்று இருந்தன. ஒன்றில் ஊற்றினான், இரண்டாவதில் ஊற்றினான், மூன்றாவதை எடுத்து அப்பால் வைத்துவிட்டு உள்ளே சென்றான். கணவர் அதுவரை இறுக்கமாக உட்கார்ந்திருந்தார். மறுப்புச் சொல்ல வேண்டிய சொற்களை முந்திய இரவே அவர் உருப்போட்டு வைத்திருந்தார் என்பது மனைவிக்குத் தெரியும்.

மகன் வேறொரு குவளையோடு திரும்பி வந்து, அதைத் தந்தையின் முன் வைத்தான். "இது அதே பழத்தின் சாறு, அப்பா. புளிக்காதது. ஜூலையில் பழம் வந்தபோது உங்களுக்கென்று பிழிந்து உறைய வைத்திருந்தேன்" என்றான்.

ஜூலையில் பயணச்சீட்டு வாங்கவில்லை. நாங்கள் வருவோம் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. விளக்கின் முன் சொன்ன சொல்லைப் பாட்டி அவனிடம் ஒருபோதும் சொன்னதில்லை. அவன் பிறக்குமுன்பே அவர் போய்விட்டார். தந்தை விருந்துகளில் குவளையைக் கவிழ்த்து வைப்பதைச் சிறு வயதில் பார்த்து, காரணத்தைத் தாயிடம் கேட்டு அறிந்திருக்கிறான். அறிந்ததை இத்தனை ஆண்டுகளாக மனத்தில் வைத்திருந்திருக்கிறான். உருப்போட்ட சொற்கள் கணவருக்குத் தேவைப்படவில்லை.

எனவே எங்கள் இருவருக்குமாக மனைவியின் நாக்குத்தான் அன்று பணியாற்றியது. கண்ணாலும் மூக்காலும் கணவர் உதவினார். மூக்கு விரதத்தில் அடங்குமா என்று சற்றே தயங்கிவிட்டு, தாயார் நாவைத்தான் சொன்னார் என்று தீர்மானித்துக்கொண்டார்.

நிறம் மாதுளை முத்தின் சிவப்பு. மேலே பொங்கிய நுரை இளஞ்சிவப்பாக எழுந்து, சிறிது நேரத்தில் அடங்கிற்று. மணத்தில் முதலில் வருவது பழம். அதை அடுத்து வாதுமைப் பருப்பின் வாசனை. வாதுமை ஒன்றும் சேர்ப்பதில்லை. பழத்தின் கொட்டையிலிருந்து வருவதே அது. அதற்கும் அடியில் வேறொரு வாசனை இருந்தது. "இதைத்தான் எங்கள் தொழிலில் குதிரைப் போர்வை மணம் என்பார்கள், புகழ்ச்சியாகச் சொல்வது" என்றான் மகன். இருவரும் குனிந்து முகர்ந்தோம். ஒரே சமயத்தில் இருவர் வாயிலும் ஒரே சொல் வந்தது: "வைக்கோற்போர்." மழையில் நனைந்து, மறுநாள் வெயிலில் ஆவி விடும் வைக்கோற்போர். தஞ்சைச் சிற்றூரின் கொல்லையும் தொழுவமும் ஒரு கணம் அந்த மேசைக்கு வந்து போயின.

மனைவி ஒரு வாய் பருகினார். கண்கள் தாமாக மூடிக்கொண்டன. தோள்கள் ஒருமுறை குலுங்கின. "ஐயோ, என்ன புளிப்பு!" என்றார். பிறகு ஏதும் பேசாமல் இன்னொரு வாய் பருகினார். இரண்டாவது வாயில் புளிப்பு வழிவிட்டதாம். அதன் பின்னால் இருந்தவை ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கினவாம். அவர் சொன்னதை அப்படியே தருகிறோம்: "முதலில் அரைநெல்லிக்காயைக் கடித்தாற்போல் இருக்கிறது. அப்புறம் நாவற்பழம் தின்றபின் நாக்கு ஒட்டிக்கொள்ளுமே, அந்தத் துவர்ப்பு. அது மரத்திலிருந்து வருகிறது போலும். இனிப்பு இருக்கும் என்று நினைத்தேன், கொஞ்சமும் இல்லை. பழத்தின் நினைவு மட்டும் இருக்கிறது, பழம் இல்லை. எல்லாம் போனபின் தொண்டையில் ஒரு சுத்தம். கோடைக் காலத்தில் நீராகாரம் குடித்தால் வருமே, அந்தச் சுத்தம்."

மகன் குவளையைக் கீழே வைத்துவிட்டுத் தாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பழத்தின் நினைவு மட்டும் இருக்கிறது, பழம் இல்லை என்னும் சொல்லைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான். தாயின் மூன்றாவது வாய்க்குப் பிறகு குவளையை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டான். "போதும், அம்மா. நானும் நாள் முழுவதும் சுவைப்பேன், பெரும்பாலும் உமிழ்ந்துவிடுவேன்" என்றான்.

கணவர் தம்முன் இருந்த செர்ரிச் சாற்றைக் குடித்து முடித்தார். அதுவும் நல்ல புளிப்புத்தான். குவளையை வைத்துவிட்டு, மேல்துணியைச் சரிசெய்துகொண்டு, ஐந்தாண்டுகளாகக் கேளாத ஒன்றைக் கேட்டார்: "உன் பொறுப்பில் எத்தனை பீப்பாய் இருக்கிறது?"

"நூற்று நாற்பது, அப்பா."

"எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்கிறாயா?"

"வைத்திருக்கிறேன்."

இவ்வளவுதான் பேச்சு. பிறகு தந்தையும் மகனும் அந்த நூற்று நாற்பதையும் ஒவ்வொன்றாகப் பார்க்கப் போய்விட்டார்கள். மனைவி மேலங்கியைப் போர்த்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து, உழுத வயல்மேல் இருட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

இதைப் படிக்கும் அன்பர்களில் சிலர், "முடிவில் மதுவுக்கு வக்காலத்து வாங்கினீர்களே!" என்று நினைக்கக்கூடும். அது எங்கள் கருத்து அன்று. லாம்பிக்கில் நூற்றுக்கு ஐந்து, ஆறு பங்கு சாராயச் சத்து உண்டு. அளவு மீறினால் அதுவும் கெடுக்கும். குடியின் கேட்டைப் பெல்ஜியர்களும் அறிந்தவர்களே. வாண்டர்வெல்டு என்னும் அமைச்சரின் பெயரால் வழங்கும் 1919-ஆம் ஆண்டுச் சட்டம், உணவகங்களிலும் குடிநிலையங்களிலும் கடும் சாராயம் விற்பதைத் தடுத்தது. ஏழை உழைப்பாளியின் கூலி சாராயத்தில் கரைவதைக் கண்டு செய்த சட்டம் அது. 1983 வரை நடைமுறையில் இருந்தது. அதே நாட்டின் பீர்ப் பண்பாட்டை 2016-இல் யுனெஸ்கோ மனித குலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. இரண்டும் உண்மை. ஒன்றை மறைத்து மற்றொன்றைச் சொல்வது எங்கள் நோக்கமன்று. மறைப்பதில் எங்களுக்கு ஐந்தாண்டுப் பயிற்சி உண்டு. அதனால் யாருக்கும் நன்மை விளையவில்லை என்பதை அறிவோம்.

கணவருடைய தந்தையைக் கொன்ற சாராயத்தை யாரோ ஓரிரவில் அவசரமாகக் காய்ச்சினார்கள். அதில் என்ன கலந்தது என்பது குடித்தவருக்குத் தெரியாது. மகனுடைய பீப்பாய்கள் மூன்றாண்டுகள் காத்திருக்கின்றன. எதில் என்ன இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும். இந்த வேறுபாட்டால் விளக்கின் முன் சொன்ன சொல் தளரவில்லை. கணவர் இன்றும் மதுவைத் தொடாதவர், இனியும் தொடமாட்டார். ஆனால் அந்தச் சொல் தம் நாவுக்கு இட்ட கட்டே அன்றி, மகனுடைய கைத்தொழிலைத் தூற்றுவதற்குக் கிடைத்த உரிமை அன்று என்பதை எழுபத்தொன்றாம் வயதில் உணர்ந்தார். இதை அவரே எழுதச் சொன்னார், மனைவி திருத்தவில்லை.

டில்லிக்குத் திரும்பினோம். 2025 பொங்கல் விழாவில் வழக்கமான கேள்வி வந்தது. "இளையவன் பெல்ஜியத்தில் என்ன செய்கிறான்?" மனைவி கணவரைப் பார்த்தார். கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பீர் முதிர்விக்கிறான். புளிப்பு பீர். நூற்று நாற்பது பீப்பாய் அவன் பொறுப்பு" என்றார். சுற்றி நின்றவர்கள் கையிலிருந்த சர்க்கரைப் பொங்கலைச் சற்று மறந்தார்கள். அப்போது நம் சங்கத்து மூத்த பாட்டியம்மாள் ஒருவர் முன்னால் வந்து, "புளிப்பு பீரா? புளிக்க வைக்க என்ன ஊற்றுகிறான்?" என்று கேட்டார்.

"ஒன்றும் ஊற்றுவதில்லை, பாட்டி. காற்றில் வருவதுதான்."

"அப்படிச் சொல்லுங்கள். நம் மாவு மாதிரி" என்று சொல்லிவிட்டுப் பாட்டியம்மாள் இன்னொரு கரண்டிப் பொங்கல் வாங்கிக்கொள்ளச் சென்றார். நாங்கள் ஐந்தாண்டுகளாக அஞ்சி வந்தது இவ்வளவில் முடிந்தது.

மறுநாள் காலை கடுங்குளிர். முந்திய இரவு அரைத்து வைத்த மாவு சிறிதும் பொங்காமல் பாத்திரத்தின் அடியில் அப்படியே கிடந்தது. வழக்கமாக இத்தகைய நாட்களில் கணவர் பொறுமையிழந்து, "ரொட்டி வாங்கி வருகிறேன்" என்று பையை எடுப்பார். அன்று மூடியைத் திறந்து பார்த்தார், மீண்டும் மூடினார், கம்பளியை இன்னொரு சுற்றுச் சுற்றிவிட்டு நாளிதழோடு உட்கார்ந்தார். பிற்பகல் மூன்று மணிக்கு இட்லி சாப்பிட்டோம்.